புகார் கொடுத்த எலி

முதல் வருஷம், வயலில் வாழ்ந்த யாரையும் கேட்காமல் எரிவாயுக் குழாயைப் புதைத்தார்கள். இரண்டாம் வருஷம் குழாய் துருப்பிடித்தது. ஒருவரும் வந்து பார்க்கவில்லை. மூன்றாம் வருஷம் எச்சரிக்கைப் பலகை சாய்ந்தது. அதை எடுத்து ஜீப் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

நான்காம் வருஷம் குழாய், பக்கத்து வளையிலிருந்த எலி செவந்தியிடம் முனகியது. "எனக்குக் கசியுதடி. குட்டிகளைத் தூக்கிட்டு ஓடு."

"ஏழும் இன்னும் கண்ணே திறக்கலையே!" என்று பதறிய செவந்தி, சோதனைக்கு ஜீப்பில் வந்திருந்த அரசாங்க முத்திரையிடம் ஓடியது.

"ஐயா, குழாய் கசியுது. இறங்கி ஒரு தடவை மோந்து பாருங்க."

"எனக்கு ஏது மூக்கு? வெயில்ல இறங்கினா மை காய்ஞ்சிடும். உன் பேரைச் சொல்லு, குறிச்சு வச்சுக்கறேன்."

பெயரைக் குறித்துக்கொண்ட முத்திரை, ஜீப்பில் இருந்தபடியே தாளில் 'பாதுகாப்பானது' என்று குத்தியது.

மறுநாள் வயல் வெடித்தது. ஏழு குட்டிகளும் கருகின.

விசாரணைக்குக் கொக்கும் நண்டும் தவளையும் சாட்சிகளாக வந்தன. வெந்த வாலோடு செவந்தி முன்னால் நின்றது. முத்திரையே அறிக்கையை வாசித்தது.

"கசிவு முன்கூட்டியே ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. ஆகவே குழாயைக் கடித்ததும் அவரே. குற்றவாளியின் பெயர், செவந்தி."