அனுபவச் சான்றிதழ்

"மேடம், எனக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேணுமுங்க."

கிளாடிஸ் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். ராமாமணியின் நர்சிங் ஹோமில் அவள் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறாள். விட்டுப் போகிறேன் என்று வந்து நின்றவர்களுக்கு ராமாமணி லேசில் சான்றிதழ் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. போன வருடம் ஒரு லேப் டெக்னீஷியனை நாலு மாதம் நடையாய் நடக்க வைத்தவள்.

"எதுக்கு கண்ணு?"

"இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்குங்க. அவங்களே ஸ்பான்சர் பண்ணி விசா எடுத்துத் தர்றாங்க. இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணிட்டனுங்க. போலீஸ் சர்டிபிகேட் வந்துருச்சு, டி.பி. டெஸ்ட்டும் எடுத்தாச்சு. உங்க லெட்டர் ஒண்ணுதான் பாக்கிங்க."

"அட, நல்ல சேதி! இதுக்குப் போயி ஏன் இப்படிப் பயந்துட்டு நிக்கறே?"

கிளாடிஸ் தன் காதுகளையே நம்பாமல் பார்த்தாள்.

"மூணு மாசம் நோட்டீஸ் குடுக்கோணுமுங்களே மேடம்..."

"நோட்டீஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். விசா வந்த அன்னைக்கே கிளம்பு. எத்தனை வருஷத்துக்கு ஸ்பான்சர்?"

"மூணு வருஷமுங்க. அப்புறம் நீட்டிக்கலாமுங்க."

"நீட்டிச்சுக்கோ கண்ணு, நல்லா நீட்டிச்சுக்கோ."

ராமாமணிக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. அவளுடைய ஒரே மகன் ரவிதேஜா, நர்சிங் ஹோமின் மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்பவன், கிறிஸ்துமஸ் அன்று போத்தனூர் சர்ச் வாசலில் கிளாடிஸ் வீட்டாரோடு கேக் சாப்பிட்டுக்கொண்டு நின்ற போட்டோவை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. மகனைக் கேட்கவும் பயம்; கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ! இப்போது, சண்டை இல்லை, கண்ணீர் இல்லை, தொல்லை தானாகவே விமானம் ஏறப் போகிறது. பொள்ளாச்சியில் தங்கள் சாதிசனத்திலேயே ஹரிதா என்று ஒரு பெண் தயாராக இருந்தாள். அடுத்த மாதமே பெண் பார்க்கப் போய்விடலாம்.

"ரவி, இங்க வா. கிளாடிஸுக்கு ஒரு லெட்டர் டைப் பண்ணு" என்று மகனையே கூப்பிட்டாள். அவன் முகம் வாடுகிறதா என்று பார்க்கத்தான். அவன் பாட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். முகத்தில் ஒன்றுமில்லை. நாம்தான் வீணாகப் பயந்துவிட்டோம் என்று ராமாமணி நினைத்துக்கொண்டாள்.

"வேலை என்னன்னு போடறதும்மா? ரிஜிஸ்டர்ல அசிஸ்டண்ட்னு இருக்குது" என்றான் ரவிதேஜா.

கிளாடிஸ் மெதுவாகச் சொன்னாள். "ஸ்டாஃப் நர்ஸுன்னு போட்டா நல்லாயிருக்குமுங்க மேடம். நான் பாக்கறது அந்த வேலைதானுங்க. அசிஸ்டண்ட்டுன்னா அங்க சில வசதி கிடைக்காதுங்க."

எங்கே இதனால் விசா நின்றுபோகுமோ என்று ராமாமணி பதறினாள். "ஸ்டாஃப் நர்ஸுன்னே போடு ரவி. வார்டு மொத்தமும் அவதானே பாத்துக்கறா. உள்ளதைத்தானே எழுதறோம்!"

கையெழுத்தைப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பையும் அவளே அழுத்திக் குத்தினாள். கிளாடிஸ் கண் கலங்கி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ராமாமணிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல பெண்தான், நம்ம சனத்தில் பிறந்திருக்கக் கூடாதா?

மூன்று வாரம் கழித்து ஒரு போன் வந்தது.

"வணக்கமுங்க மேடம். காந்திபுரத்துல இருந்து விசா ஏஜென்ட் செங்கோட்டையன் பேசறனுங்க. கிளாடிஸ் விசா ஓகே ஆயிருச்சுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க!" என்றாள் ராமாமணி, மனசார.

"நீங்க ஸ்டாஃப் நர்ஸுன்னு போட்டுக் குடுத்தது நல்லதாப் போச்சுங்க. இல்லீன்னா ஊட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக விடமாட்டாங்க."

ராமாமணிக்குச் சிரிப்பு வந்தது. "யாரைச் சொல்றீங்க? அந்தப் புள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்களே."

"போன மாசமே ரிஜிஸ்டர் பண்ணியாச்சுங்க மேடம், சர்டிபிகேட் என் கையிலதான் இருக்குது. அவரும் உங்க மருந்துக்கடையிலதான் வேலை பாக்கறாராமுங்க, ரவிதேஜான்னு. அவருக்கும் இதே மாதிரி நல்லதா ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா, அங்க போயி வேலை தேடறதுக்கு ஆகுமுங்க."