அரைப்பேர்

"வடிவக்கா, பின்னால கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு ஐயா உக்காந்திருக்காரு பாரு. நமக்கு மார்க்கு போட வந்திருக்காராம். வலி கிலின்னு வாயத் தொறந்துடாத, அரைப்பேருதான் விழும்!"

நாகலெட்சுமி காதோரம் கிசுகிசுத்ததும் சண்முகவடிவு வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அரைப்பேர் என்றால் பாதிநாள் சம்பளம். இன்றைக்கு ஒரு நாளோடு போனால் பரவாயில்லை. வேலைக்கு லாயக்கில்லை என்றே எழுதிவிட்டால்?

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடப்போடும் மேல்மாடியில் அன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உடம்பு நோகாமல் கொழுந்தெடுப்பது எப்படி என்று வகுப்பு. எடுக்க வந்தவள் சுலக்ஷனா, டவுனில் படித்த சின்னப் பெண்.

"நாம கூடை தூக்க ஆரம்பிச்சப்போ இது, நாம புள்ளைகள விட்டுட்டு வர்ற பிள்ளைக் காம்பராவுல தொட்டில்ல கெடந்திருக்கும். இது நமக்குச் சொல்லித் தருதாம்!" என்றாள் அம்மாக்கண்ணு. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

சுலக்ஷனா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். "உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லுங்கக்கா."

"வலியா? எங்களுக்கா? கல்லு மாதிரி இருக்கோம் மிஸ்!" என்றாள் நாகலெட்சுமி, பின்வரிசைக்குக் கேட்கும்படி.

"ஒருத்தருக்குமா வலி இல்ல?"

எல்லாரும் இல்லையென்று தலையாட்டினார்கள். கண்ணாடிக்காரர் ஏதோ எழுதினார். சுலக்ஷனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சண்முகவடிவு தன் வலது கையைப் பார்த்தாள். இதை இன்னும் எத்தனை நாளைக்கு ஒளித்து வைப்பது? போனால் போகிறதென்று எழுந்தாள்.

"மிஸ், படுத்தா எனக்கு இந்தக் கை மரத்துப் போவுது. விடிஞ்சா சீப்பக்கூடப் புடிக்க முடியல. ஒங்க படிப்புல இதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"கெட்டுது போ!" நாகலெட்சுமி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

சுலக்ஷனா காகிதத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, விரல்களை மெல்லப் பின்னுக்கு வளைத்தாள்.

"வேலைக்கு நடுவுல விட்டு விட்டு இப்படிச் செய்யுங்கக்கா. கைய மடக்கி வச்சுத் தூங்காதீங்க. ஆஸ்பத்திரியிலயும் கட்டாயம் காட்டணும்."

"அப்ப என் இடுப்புக்கு?" "எனக்குக் கழுத்து மிஸ்!" அம்மாக்கண்ணுவே முழங்காலை நீட்டினாள். "இந்தாம்மா, இதயும் பாத்துட்டுப் போ." மேல்மாடி சந்தைக்கடையானது. சுலக்ஷனா ஆளுக்கு ஆள் ஓடி ஓடிச் சொன்னாள். ஒவ்வொருத்தியும் செய்து பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் எழுந்து முன்னால் வந்தார். சண்முகவடிவு கும்பிட்டாள்.

"ஐயா, மொதல்ல வாயத் தொறந்தது நான்தான். எனக்கு மட்டும் அரைப்பேர் போடுங்க. மத்தவங்க பாவம்."

"அரைப்பேரா? உங்க எல்லாருக்கும் முழுப்பேருன்னு காலையிலயே சொல்லிட்டாங்களே!" அவர் சிரித்துக்கொண்டே சுலக்ஷனாவின் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்குப் பரீட்சை உங்களுக்கில்லம்மா, இந்தப் புள்ளைக்கு. நீங்க யாரும் வாயத் தொறக்காம இருந்திருந்தா, பெயில் போட்டுட்டுப் போயிருப்பேன்."