ஜன்னல் வழியே வந்த செய்தித்தாள்

பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு செய்தித்தாள் வந்து சீட்டின் மேல் விழுந்தது. இடம் பிடிக்க யாரோ வெளியிலிருந்து போட்டது.

“என் முதல் பக்கத்தைப் பார்த்தாயா? ‘நாடு முதலில், நான் பிறகு’ என்று ஒரு இயக்கமே நடத்துகிறேன். இனி ஊரே மாறிவிடும்” என்றது செய்தித்தாள்.

“தினமும் உன்னைப் போல ஒன்று என் மேல் விழத்தான் செய்கிறது” என்றது சீட்.

காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் ஏறினாள். செய்தித்தாளைப் பார்த்ததும், ஆள் வரும் போலிருக்கிறது என்று நகர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உட்காரும்மா!” என்று செய்தித்தாள் கத்தியது. அவளுக்குக் கேட்கவில்லை.

இடம் பிடித்தவர் சாவகாசமாக வந்து உட்கார்ந்தார். குழந்தை முனகியது. அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாளைப் பிரித்தார். முதல் பக்கத்தைப் படிக்கப் படிக்க அவர் கண் கலங்கியது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அடியில் அச்சிட்டிருந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்.

“பார்த்தாயா, போட்டுவிட்டார்!” என்றது செய்தித்தாள்.

“பார்த்தேன். உட்கார்ந்துகொண்டேதான் போட்டார்” என்றது சீட்.