ஆடாத அறை

"போன வாரம் போன்ல எடுத்த கப்பல் ரூம்மா. மேல்தளம், முன்பக்கம். மாத்த முடியுமா?" ஈப்போவில் இருந்த அந்தப் பயண முகவர் கடையின் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார் அர்ச்சுனன்.

"ஏன் அங்கிள்? கடல் அழகாத் தெரியுமே," என்றாள் கடையில் பதிவு செய்யும் தேவிஸ்ரீ.

"வீட்டுக்காரிக்கு வாந்தி வரும்லா. எனக்கு ஒன்னுமில்ல, நான் நேவிக்காரன்."

நேவிக்காரர்தான். ஆனால் வேலை பார்த்த காலமெல்லாம் லுமுட் கடற்படைத் தளத்தில், கரையில் இருந்த கிடங்கில். படகில் கால் வைத்தாலே அவருக்குக் குடலைப் புரட்டும். மனைவி புஷ்பலதாவிடமோ, புயலில் கப்பல் ஓட்டிய கதைகளைக் கல்யாணமான நாள் முதல் அளந்துவந்திருக்கிறார். இந்தச் சுற்றுலாவில் வாந்தி எடுத்தால் அத்தனையும் அம்பலமாகிவிடும்.

தேவிஸ்ரீ அடிக்கோலை ஒரு விரல்மேல் நிறுத்தி ஆட்டிக் காட்டினாள். "பாருங்க அங்கிள், ரெண்டு முனையும் ஏறி இறங்குது. நடுவுல அசைவே இல்ல. கப்பலும் இப்படித்தான். கீழ்த்தளம்னா ஆட்டம் இன்னும் குறையும்."

"அதான் வேணும்! கீழ, நடுவுல. இப்பவே மாத்து. பேரு அர்ச்சுனன்."

அவள் கணினியைப் பார்த்தாள். "ஏற்கெனவே அங்கதானே இருக்கு! நேத்து ஆன்ட்டி வந்து மாத்திட்டாங்க. வீட்டுக்காரருக்குப் படகுன்னாலே வாந்தின்னு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அர்ச்சுனன் நாற்காலியில் சாய்ந்தார். ஒவ்வொரு புயல் கதைக்கும் கண்ணை அகல விரித்து, "ஐயோ, அப்புறம்?" என்று கேட்டவள் புஷ்பலதாதானே?

"நான் வந்தத அவகிட்ட சொல்லிடாதம்மா," என்றார் மெல்ல.

"ஆன்ட்டியும் போறப்ப இதையேதான் சொன்னாங்க, அங்கிள்."