மறுபடியும் ஒரு லினக்ஸ்

“எல்லாத்தையும் அழிச்சிடவாப்பா?”

மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து பிரான்சி கேட்டாள். “அழிச்சிடும்மா, இதுவும் சரிப்படல” என்றார் அவள் அப்பா சகாயநாதன், ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே.

பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விண்டோஸை ஓரங்கட்டிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதள வகைகளை வீட்டிலிருந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இன்றைக்கு உபுண்டு, நாளைக்கு ஃபெடோரா. ஸ்ரீரங்கத்து நண்பர் வீட்டில் இன்டர்நெட் வேகம் என்று பஸ் ஏறிப் போய், பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வருவார். எதிலும் ஒரு வாரம் தங்கமாட்டார்.

சிக்கல் என்னவென்றால், அதில் ஒரு கம்ப்யூட்டரை நம்பித்தான் பிரான்சியின் பிஎச்.டி. இருந்தது. லேப்டாப் செத்துப்போனதால், ஆய்வுக்கான புரோகிராம்களை அந்தப் பழசில் ஏற்றி, மல்லுக்கட்டி ஓட வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் அப்பா அதைத் துடைத்து வேறொன்றைப் போட்டிருந்தார். பிரான்சி அழுதுவிட்டாள். அவர் மன்னிப்புக் கேட்கிற ரகமில்லை. மணப்பாறை முறுக்கு வாங்கிவந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினாள். இன்னொரு தடவை போனால் தீசிஸ் கொடுக்கவேண்டிய தேதியும் போய்விடும். “இனிமே நீங்க தொடாதீங்கப்பா. எது வேணும்னு சொல்லுங்க, நானே போட்டுத் தரேன்” என்றாள். ஆச்சரியமாக அவரும் தலையாட்டினார்.

அன்றிலிருந்து வாராவாரம் இதே கூத்துதான். பென் டிரைவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் அவரைக் கூப்பிடுவாள்.

இப்போதும் கதவு திறந்தது. போன வாரத்து நீலக் கடல் போய், திரையில் பச்சை மலை நின்றது. சகாயநாதன் உட்கார்ந்து மவுஸை உருட்டிப் பார்த்தார்.

“நான் போட்டா வைஃபை பாஸ்வேர்டு கேட்டு உயிரை வாங்கும். நீ போட்டா கேக்கறதே இல்ல. உனக்குக் கைராசிம்மா.”

பிரான்சி காபி போடப் போனாள்.

ஒருவழியாகத் தீசிஸ் முடிந்தது. கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு, பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் மூச்சு சீராக வந்தது. சேர்ந்து கிடந்த பென் டிரைவ்களை அப்பாவிடம் நீட்டி, இனி அந்தக் கம்ப்யூட்டரை அவர் இஷ்டப்படி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றாள்.

அவர் ஒன்றை மட்டும் எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தார்.

“நீயே போட்டுக் குடும்மா. இந்தத் தடவையாவது படத்தை மட்டும் மாத்தாம, உள்ளேயும் மாத்து.”