கை படாத மரம்

இந்த ஆண்டு கண்காட்சியில், மனிதக் கை படாததுபோல் தோன்றும் போன்சாய்க் குட்டை மரங்களுக்கு மட்டும்தான் இடம். ஒரு காலத்தில் நெளிவு சுளிவான மரங்களை விரும்பினார்கள். பிறகு நிமிர்ந்தவற்றை, அதன் பிறகு, மலைமுகட்டிலிருந்து தொங்குவதுபோல் இருப்பவற்றை. தமயந்தியின் நூறு வயதுப் பைன் மரம் மரத்தை இளக்கும் மருந்தைக் குடித்துக் குடித்து, அத்தனை பாணிக்கும் வளைந்து கொடுத்திருந்தது.

இன்றும் மருந்து ஊற்றியாயிற்று. மெழுகாக இளகிய மரம், மறுபடி இறுகும்வரை தானாகவே நிற்க வேண்டும். ஆனால் அடிமரம் மெல்லச் சாய்ந்தது. பட்டையில் ஒரு வெடிப்பு ஓடியது.

தமயந்தி இரு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்தாள்.

"விடு தமயந்தி, விரல் தடம் பதிஞ்சிடும்," என்றான் அவள் கணவன் மதிவாணன். "அப்புறம் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"விட்டா முறிஞ்சிடுங்க."

"கொஞ்சம் பொறு. அதுவா நிக்கும்."

"அதுக்கு நிக்கத் தெரியாதுங்க. நாம எங்க நிக்க விட்டோம்?"

அவன் பதில் சொல்வதற்குள் மேல்கிளை தொய்ந்து இறங்கத் தொடங்கியது. மதிவாணன் சட்டென்று முன்னால் வந்து, ஐந்து விரல்களும் அழுந்த அதைப் பிடித்துக்கொண்டான்.