தண்ணீர்த் தீர்வை

அலுவலக வளாகத்தின் மாத இதழை லிஃப்ட் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். மேலே, ஜூலை 31க்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி ஒரு நினைவூட்டல். கீழே 'நம் இடத்தின் வரலாறு': தரிசாகக் கிடந்த மண்ணில் எழுந்ததாம் இந்த வளாகம். தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் சம்பூரணம் அதை இரண்டு முறை படித்தாள். மறுநாள் பழுப்பேறிய ரசீது ஒன்றோடு, இதழைத் தயாரிக்கும் நிவேதிதாவின் மேசை முன் போய் நின்றாள்.

"அக்கா, உங்க சம்பளத்துக்கு வரியே வராது, பயப்படாதீங்க," என்றாள் நிவேதிதா, ரசீதைப் பார்க்காமலே.

"எங்கப்பா கட்டுனது. படிம்மா."

நிவேதிதா படித்தாள். இந்த இடத்தின் சர்வே எண். ஒன்றரை ஏக்கர் நஞ்சை. பாசனத்துக்கான தண்ணீர்த் தீர்வை செலுத்தப்பட்டது.

"தரிசுக்கு எவனாவது தண்ணித் தீர்வை கட்டுவானா? ரெண்டு போகம் வெளைஞ்ச மண்ணும்மா இது!"

"சாரிக்கா. அடுத்த மாசம் மாத்திடறேன்."

மாற்றினாள். அடுத்த இதழில் சம்பூரணத்தின் அப்பா பெயர் எங்கும் இல்லை. 'அன்று நஞ்சை, இன்றும் பசுமை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில், மொட்டை மாடியில் விரித்த பிளாஸ்டிக் புல்லின் படம்.

சம்பூரணம் வாளியைத் தூக்கிவந்து வரவேற்புக் கூடத்தின் பளிங்குத் தரையில் கவிழ்த்தாள். ஷூ நனைந்தவர்கள் கத்தினார்கள். நிவேதிதா ஓடிவந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"நஞ்சைன்னு நீதானே போட்ட? அப்ப தண்ணி நிக்கணும்," என்றபடி அவள் அடுத்த வாளிக்குக் குழாயைத் திறந்தாள்.